இலை எங்கே, கண்டுபிடியுங்கள்!

தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளை எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் முன்னறை மூலையில் மணல் நிரப்பிய ஒரு வாளி இருக்கும். அதில் ஆளுயரச் சவுக்குக் கிளை ஒன்று நட்டு வைத்திருப்பார்கள். அதன்மேல் ஜிகினா, வண்ணப் பந்துகள், சீரியல் லைட், பனிக்குப் பதிலாகப் பஞ்சு. வெளியே வேர்த்து வழிந்தாலும் மரத்தில் மட்டும் பனி கொட்டியிருக்கும்!

வாழ்த்து அட்டைகளில் வரும் ஐரோப்பிய மரத்துக்கும் இந்தச் சவுக்குக்கும் நல்ல முகச்சாயல் உண்டு. அங்கேயும் பச்சை ஊசிகள், இங்கேயும் பச்சை ஊசிகள். அங்கே மரக்கட்டை போன்ற கூம்புகள் தொங்கும், இங்கேயும் விரல்நுனி அளவில் கூம்பு மாதிரிக் காய்கள் உண்டு. பார்க்கிறவர்கள் இரண்டும் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வார்கள்.

நட்சத்திரத்தைக் கட்டுவதற்கு முன் சவுக்கிலிருந்து ஒரே ஒரு பச்சை ஊசியைக் கிள்ளி எடுங்கள். இதுதானே இலை என்று நினைத்தீர்களானால் ஏமாந்துவிட்டீர்கள். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில மில்லிமீட்டருக்கு ஒரு கணு தெரியும். இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் கணுவில் ‘டக்’ என்று கழன்றுவரும். மறுபடியும் செருகினால் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். எந்தக் கணுவில் கழற்றிச் செருகினேன் என்று நண்பரைக் கேட்டு விளையாடலாம், கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

கழற்றிய முனையை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். கணுவைச் சுற்றி மிகச் சிறிய பற்கள் வட்டமாக நிற்கும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரை இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்தப் பற்கள்தாம் சவுக்கின் இலைகள். பச்சை ஊசி என்று நாம் சொல்வது இலையே அல்ல, அது ஒரு மெல்லிய தண்டு. இலைகள் இப்படிச் சுருங்கிவிட்டதால், வெயிலை வாங்கி உணவு தயாரிக்கும் ஒளிச்சேர்க்கை வேலையையும் தண்டே பார்த்துக்கொள்கிறது.

ஒரு மரம் தன் இலைகளை ஏன் இப்படிச் சிறுக்கவைத்துக்கொள்ள வேண்டும்? அது பிறந்த இடத்தைப் பார்த்தால் புரியும். சவுக்கின் சொந்த ஊர் தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரைகள். கடற்கரை மணலில் மழை பெய்தால் தண்ணீர் தங்காது, சரசரவென்று கீழே இறங்கிவிடும். மேலே உப்புக்காற்று ஓயாமல் வீசும். இலைகளில் இலைத்துளைகள் என்னும் நுண்ணிய வாசல்கள் இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றின் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது, தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. வாழை மாதிரி அகன்ற இலையை விரித்துவைத்தால் கடற்கரைக் காற்று அதைக் கிழித்துவிடும், தண்ணீரையும் உறிஞ்சிவிடும். சவுக்கோ வாசல்களை ஒளித்துவைத்திருக்கிறது. அந்தப் பச்சைத் தண்டில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடுகின்றன. இலைத்துளைகள் அந்தப் பள்ளங்களுக்குள் நுண்ணிய முடிகளின் மறைவில் இருக்கின்றன. காற்று மேலோடு போய்விடும், உள்ளே இருக்கும் ஈரம் அவ்வளவு எளிதில் வெளியேறாது.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே கிறிஸ்துமஸ் மரமாக வெகுகாலமாக வைக்கப்படுவது நார்வே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளில் மரத்தை நிறுத்தி, காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் இனிப்புகளும் தொங்கவிட்டதாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தப்படும் பெரிய மரமும் இதே இனம்தான். இரண்டாம் உலகப்போரில் உதவியதற்கு நன்றியாக, ஆஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் அதை அனுப்பிவருகிறது.

சுற்றிலும் பனி கொட்டும் நாட்டில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சம்தான். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்துவிடுகிறது. பனிக்கட்டியை வேரால் உறிஞ்ச முடியாது. ஆனால் மேலே வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடக்கிற நிலைமை. அங்குள்ள பல மரங்கள் இலைகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுக் காத்திருக்கின்றன. ஸ்ப்ரூஸ் உதிர்ப்பதில்லை. இலையை ஊசியாக்கி, அதன்மேல் கெட்டியாக மெழுகு பூசி, தண்ணீர்ச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கூம்பு வடிவில் சரிந்த, வளைந்துகொடுக்கும் கிளைகளால் பனிப்பாரமும் சறுக்கி விழுந்துவிடுகிறது.

ஆக, ஒன்று பனிநாட்டு மரம், இன்னொன்று கடற்கரை மரம். இரண்டுக்கும் ஒரே கஷ்டம், தண்ணீர் எடுக்க முடியாத கஷ்டம். ஒரே கஷ்டத்துக்கு இரண்டும் தனித்தனியாக ஒரே மாதிரி விடை கண்டுபிடித்திருக்கின்றன. சுறா மீன் இனம், டால்பின் பாலூட்டி. இருந்தாலும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நீந்த வேண்டியிருந்ததால் இரண்டின் உடம்பும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. இதைக் குவி பரிணாமம் என்பார்கள். சவுக்கும் ஸ்ப்ரூஸும் அப்படித்தான்.

உறவுமுறையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஸ்ப்ரூஸ், பைன் எல்லாம் ஜிம்னோஸ்பெர்ம் வகை, அதாவது திறந்த விதைத் தாவரங்கள். அவற்றுக்குப் பூவும் கிடையாது, பழமும் கிடையாது. கூம்பின் செதில்மேல் விதை திறந்தபடி உட்கார்ந்திருக்கும். சவுக்கோ பூக்கும் தாவரம். பூவைக் காட்டச் சொன்னால் பலரும் முழிப்பார்கள். பெண்பூக்கள் கிளையோரத்தில் சிவப்பு நூல்கொத்துகளாக இருக்கும், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிப்பதுதான் அந்த நூல்களின் வேலை. வண்டுகளைக் கூப்பிடத் தேவையில்லாததால் பெரிய இதழ்களும் இல்லை. அந்தப் பூங்கொத்துதான் பிறகு கூம்பு மாதிரிக் காயாகிறது. மாமரம், வேப்பமரம், ஏன் அக்ரூட் மரம்கூடச் சவுக்குக்குச் சொந்தம். பைன் தூரத்துச் சொந்தத்துக்கும் தூரம்!

கிளையில் முற்றிய பச்சைக் காய் கிடைத்தால் ஒரு காகித உறையில் போட்டு வெயிலில் வையுங்கள். சில நாட்களில் காய் காய்ந்து, குருவிக்குஞ்சு அலகு திறப்பது மாதிரி அங்கங்கே வாய் திறக்கும். உறைக்குள் ஒற்றைச் சிறகு வைத்த குட்டி விதைகள் கொட்டிக் கிடக்கும். ஒன்றை மேலேயிருந்து போட்டு, எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகத்தான் சவுக்கை நம் கடற்கரைகளில் தோப்பு தோப்பாக வளர்க்கத் தொடங்கினார்கள். அன்றைய ரயில் எஞ்சின்களுக்கு நிறைய விறகு வேண்டியிருந்தது. சத்தில்லாத மணலில் இந்த மரம் எப்படிச் செழித்தது? அதன் வேர் முண்டுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றித் தருவது அதன் வேலை. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். இன்று கடலூர், விழுப்புரம் பக்கம் வயல்களிலேயே சவுக்கு போடுகிறார்கள். கட்டடச் சாரத்துக்கும் பந்தல் காலுக்கும் காகித ஆலைக்கும் அது போகிறது. கிறிஸ்துமஸுக்கு நாம் வாங்குவது கொசுறு மாதிரிதான்.

சில வீடுகளில் தொட்டியில் அடுக்கடுக்காகக் கிளை விரித்த அராக்கேரியா இருக்கும். அது நிஜமாகவே ஊசியிலை வகையறா, ஆனால் பைன் இல்லை. அதன் நெருங்கிய உறவான குக் பைனுக்கு ஒரு வினோத குணம் உண்டு. உலகில் எங்கே நட்டாலும் பூமத்தியரேகை இருக்கும் திசை பார்த்துச் சாய்ந்து வளரும். நம் ஊரில் என்றால் தெற்குப் பக்கம் சாயும். பெரிய அராக்கேரியாவை எங்காவது பூங்காவில் பார்த்தால் திசைகாட்டியை எடுத்துப் பாருங்கள்.

இனி வேலையைத் தொடங்கலாம். வெட்டிய கிளையும் சில நாட்கள் தண்ணீர் குடிக்கும். ஆனால் வெட்டியவுடன் அடிமுனையிலுள்ள சைலம் குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வாளியில் நிறுத்துவதற்கு முன் அடியில் ஓர் அங்குலம் பெரியவர்களைப் புதிதாக வெட்டித் தரச் சொல்லுங்கள், மணலை ஈரமாகவே வைத்திருங்கள். மிச்சமான சிறு கிளையை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் சவுக்குக் கிளை, இன்னொன்றில் அதே எடையுள்ள பூவரசங்கிளை. தண்ணீர்மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டால் தண்ணீர் தானாக ஆவியாகாது. மட்டத்தில் கோடு போட்டுவிட்டுத் தினமும் பாருங்கள். எது சிக்கனக்காரர் என்று பாட்டில்களே சொல்லும்.

விளக்குக்கு வருவோம். ஆரம்பத்தில் மரத்தில் நிஜ மெழுகுவத்திகளைத்தான் ஏற்றினார்கள், பக்கத்தில் வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு! எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்விளக்குகளைக் கட்டினார். மரத்தையே மின்சாரத்தால் சுழலவும் விட்டார்.

பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். காரணம் தொடர் இணைப்பு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 வோல்ட் பல்பை நேராக அதில் போட்டால் கருகிவிடும். 38 பல்புகளை வரிசையாகக் கோத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 6 வோல்ட் பங்காகிவிடும். மின்சாரம் போக ஒரே பாதைதான், ஒரு பல்பு அறுந்தால் பாதையே அறுந்தது. இப்போது கவனியுங்கள்: அறுந்த இடத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 6 வோல்ட் இருக்காது, முழு 230 வோல்ட்டும் அங்கே வந்து நிற்கும். எரியாத செட்தானே என்று பல்பைக் கழற்றி நோண்டுவது இதனால்தான் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகே யாரும் அதைத் தொடவேண்டும், அதுவும் பெரியவர்கள்தாம்.

இப்போது வருவது எல்.ஈ.டி. பழைய பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். காய்ந்த சவுக்குக்கும் பஞ்சுக்கும் சூடு ஆகவே ஆகாது. எல்.ஈ.டி. அவ்வளவாகச் சுடாது. சிவப்பு எல்.ஈ.டி. 1962லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மரத்தில் நீலமாக மினுக்கும் ஒவ்வொரு புள்ளியும் அவர்கள் வேலைதான்.

வண்ணப் பந்துகள் ஜெர்மனியின் லௌஷா என்ற கண்ணாடி ஊதும் ஊரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் புறப்பட்டவை. பளபளப்பான பந்து ஒரு குவி ஆடி, மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி அதே வகைதான். மூக்கை அருகில் கொண்டுபோனால் மூக்கு மட்டும் பெருத்துத் தெரியும், பின்னால் அறை முழுவதும் சுருங்கி நிற்கும். மரத்தைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டுப் பந்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் படம் பிடித்த நீங்களே இருப்பீர்கள்.

ஜிகினா ஒரு காலத்தில் நிஜ வெள்ளி இழை, பிறகு ஈயம். ஈயம் நஞ்சு என்று தெரிந்து கைவிட்டார்கள். இன்றைய ஜிகினா பிளாஸ்டிக், அதன்மேல் அலுமினியப் பூச்சு. பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜனவரி 6, மூவிராசர் திருநாள் முடிந்ததும் மரத்தைக் கலைப்பார்கள். அடுத்த வாரமே பொங்கல். அடர்த்தியான கட்டை என்பதால் சவுக்கு நன்றாக நின்று எரியும், காய்ந்த கிளையைப் பொங்கல் அடுப்புக்கே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் கம்பி, பஞ்சு, பந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஜிகினாவை ஓர் இழைகூட விடாமல் உருவி எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் புகை பொங்கல் பானைக்கும் ஆகாது, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் ஆகாது.