காயம் ஆறிடுச்சு... வலி மட்டும் ஏன் போகலை?

அடிபட்டு எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். ஸ்கேன் எடுத்தால் "ஒண்ணும் இல்லையே" என்பார் மருத்துவர். ஆனால் சட்டை லேசாக உரசினாலே சுள்ளென்று எரியும்.

வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி.

எல்லாம் மனப்பிரமையா? இல்லை. வலியைச் சொல்லும் நரம்பணுக்களே மாறிப்போயிருக்கலாம். அந்த மாற்றத்தில் 'வளர்ச்சிக் காரணிகள்' எனும் புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது என்ன வளர்ச்சிக் காரணி?

நரம்பணுக்கள் வளரவும் பிழைத்திருக்கவும் உதவும் புரதம். முதலில் கண்டறியப்பட்டது என்ஜிஎஃப் எனும் நரம்பு வளர்ச்சிக் காரணி.

அதைக் கண்டறிந்தவர் இத்தாலியில் பிறந்த ரீட்டா லேவி-மொண்டால்சினி. அவர் யூதர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல்கலைக்கழகத்தில் வேலை செய்ய முடியவில்லை. அசரவில்லை, படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தார். பிறகு அமெரிக்காவில் 1950களில் என்ஜிஎஃப் பிடிபட்டது. 1986இல் ஸ்டான்லி கோஹெனோடு நோபெல் பரிசு.

வளர்க்கும் புரதம் வலியைக் கூட்டுமா?

கூட்டும். கருவில் வலி நரம்பணுக்கள் பிழைக்க என்ஜிஎஃப் தேவை. வளர்ந்தபின் அதன் வேலை மாறுகிறது. அடிபட்ட, வீங்கிய இடத்தில் அது அதிகம் சுரந்து, வலி நரம்பின் நுனியில் உள்ள 'டிரக்-ஏ' எனும் ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும்.

சில நிமிடங்களிலேயே 'டிஆர்பிவி1' எனும் வாசல் எளிதில் திறக்கத் தொடங்கும். சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணர்வது இதுதான். சம்பல் சாப்பிட்டால் வாய் எரியுதே, அதே வாசல்! வெதுவெதுப்புகூட இப்போது சுடும்.

அடுத்தது மெதுவாக நடக்கும். ஏற்பியோடு சேர்ந்த என்ஜிஎஃப் நரம்பு வழியே முதுகெலும்பு அருகே உள்ள அணுவின் உடல்வரை பயணம் செய்கிறது. கால்விரலில் இருந்து என்றால் கிட்டத்தட்ட 1 மீட்டர்! அங்கே மரபணுக்களின் வேலையையே மாற்றுகிறது. வலிச் செய்தியைக் கடத்தும் பொருள்கள் கூடுகின்றன. நரம்பு தொட்டாச்சிணுங்கி ஆகிவிடுகிறது.

முதுகுத்தண்டில் பிடிஎன்எஃப் எனும் இன்னொரு காரணி உண்டு. நரம்பு காயப்பட்ட எலிகளில் அது வலியை அடக்கும் 'பிரேக்'கைப் பலவீனமாக்கியது ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் வழி ஒன்றல்ல.

அப்போ தடுத்துவிட்டால்?

டிரக்-ஏ மரபணுக் கோளாறோடு பிறக்கும் சிலருக்கு வலியே தெரியாது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், எலும்பு முறிந்தாலும் நடப்பார்கள்.

என்ஜிஎஃபைத் தடுக்கும் டனெசுமாப் மருந்து மூட்டு வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்தது. 2010இல் அமெரிக்காவில் சோதனைகள் நிறுத்தப்பட்டன. பிறகு தொடர்ந்தாலும், 2021இல் ஆலோசனைக் குழு 19-1 என எதிராக வாக்களித்தது. மருந்து கைவிடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே வகை மருந்து பூனைகளுக்கு 2022இல் அங்கே அனுமதி பெற்றது.

நீரிழிவால் நரம்பு நலிந்தவர்களுக்கோ என்ஜிஎஃபையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய சோதனையில் பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிச்சம்.