ஏழைப் பிள்ளைக்குத் தொழில்நுட்பம் எட்டாக்கனியா?



2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கண்கொட்டாமல் பார்த்தோம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் யார் தெரியுமா? விழுப்புரத்து ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்துவிட்டு, நம்மைப் போலவே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவர். பி.இ., எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஆக, நாம் நிற்கும் இந்த வாசற்படியிலிருந்து நிலவு வரைக்கும் பாதை இருக்கிறது. சரி, பாதை இருந்தால் மட்டும் போதுமா? முதல் மூன்று மாதத்திலேயே தடுக்கி விழுகிறவனை யார் தூக்கிவிடுவது? அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

எங்கள் மேலகரத்திலிருந்து என்னோடு முதலாமாண்டு சேர்ந்தவன் ஒருத்தன். பெயர் வேண்டாம். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். பள்ளி விடுமுறை நாளெல்லாம் பைக் ஒர்க்‌ஷாப்பில் நின்றவன். வண்டிச் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். எந்த நட்டுக்கு 12-13 ஸ்பானர், எதற்கு 14-15 என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்து நீட்டுவான். அப்படிப்பட்டவன் முதல் செமஸ்டரில் நாலு அரியர் வைத்தான். இரண்டாவது செமஸ்டர் பாதியில் நின்றேவிட்டான்.

"ஏம்ல நின்னுட்ட?" என்று கேட்டேன்.

"மிஷினு வெளங்குதுல. புஸ்தகம்தான் வெளங்க மாட்டேங்கு" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

முதல் தடை: சொல்

தமிழ் வழியில் படித்து வருகிறவன் முதல் வாரத்திலேயே லேபில் 'லீஸ்ட் கவுண்ட்' என்ற சொல்லைக் கேட்டு மிரண்டு போகிறான். அது என்ன பெரிய பூதமா? பள்ளிப் பாடத்தில் 'மீச்சிற்றளவு' என்று படித்த அதே சங்கதிதான். வெர்னியர் அளவியின் முதன்மைக் கோலில் ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர். நகரும் கோலில் 49 மில்லிமீட்டரை 50 பிரிவாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிரிவு 0.98 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர். அந்தக் கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு அது. அவ்வளவுதான்!

இப்படியே 'ஸ்ட்ரெஸ்' என்றால் தகைவு, 'ஸ்ட்ரெயின்' என்றால் திரிபு, 'ரெசிஸ்டன்ஸ்' என்றால் மின்தடை. தெரிந்த பண்டத்துக்குப் புதுப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். பெயர் மாறிப்போனதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால், தனக்கு மண்டையில் ஒன்றுமே இல்லை என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டாவது தடை: கூலி

கட்டணம்தான் பாரம் என்று பலரும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய பாரம், படிக்கிற பையன் வீட்டுக்குக் கொண்டுவராமல் போகிற அன்றாடக் கூலி. நம் ஊரில் இது இன்னும் கூடுதல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று குற்றாலத்தில் சாரல் கட்டி சீசன் சூடுபிடிக்கும்போதுதான் கல்லூரியும் திறக்கிறது. பழக்கடை, சிப்ஸ் கடை, லாட்ஜ் எல்லாம் ஆள் தேடுகிற நேரம். என் நண்பனும் அப்படித்தான் முதல் மாதத்தில் பாதி நாள் கடையில் நின்றான். கணக்குப் பாடத்தின் அடிப்படை நடந்ததே அந்த நாட்களில்தான்.

இந்த இரண்டு தடைகளையும் உடைக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தது. ஸ்ரீதர் வேம்பு நிறுவிய கம்பெனி அது. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்காக அந்நிறுவனம் முதலில் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பின்னர் தென்காசிக்கும் வந்தது. பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைச் சேர்த்து, ஆங்கிலம், கணிதம், புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகை. கவனியுங்கள்: சொல்லுக்கு ஆங்கில வகுப்பு, கூலிக்கு உதவித்தொகை. நான் சொன்ன இரண்டு தடைக்கும் அங்கே மருந்து வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காதுதான். ஆனால் வழிமுறையை நாம் கற்றுக்கொள்ளத் தடையில்லையே!

கேட்டால்தான் கிடைக்கும்

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. இரண்டிலும் டிப்ளமா படிப்பும் சேர்க்கப்பட்டது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது. தேதி தவறினால் அந்த வருடம் போச்சு. முதலாமாண்டிலேயே அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

படிப்பு முடிந்த பிறகும் வழிகள் உண்டு. டிப்ளமாவுக்குப் பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டத்தில் 1973-இல் செய்த திருத்தத்தால், டிப்ளமா முடித்தவர்களும் தொழிற்சாலையில் உதவித்தொகையோடு ஓராண்டு பயிற்சி பெறலாம். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்தக் கியர் பாக்ஸையும் ஜெனரேட்டரையும் பராமரிக்கக் கைத்தொழிலும் படிப்பும் சேர்ந்த ஆட்கள்தான் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன். ஒன்று, மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாமாண்டில் ஒரு தம்பியையோ தங்கையையோ முதல் மூன்று மாதம் பொறுப்பெடுக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு துறைக்கும் 200 கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கில ஒலியிலும் எழுதிச் சின்னப் புத்தகமாகத் தர வேண்டும். மூன்று, உதவித்தொகைத் தேதிகளை நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். இதற்கெல்லாம் பணம் அதிகம் ஆகாது, மனம்தான் வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். என் நண்பன் தடுமாறியபோது நான் அடுத்த பெஞ்சில்தான் இருந்தேன். 'லீஸ்ட் கவுண்ட்னா மீச்சிற்றளவுதாம்ல' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஞாயிறுதோறும் அவன் ஒர்க்‌ஷாப் திண்ணையில் நானும் அவனும் கணக்குப் போடுகிறோம். மறுசேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். "வருவேம்ல" என்றிருக்கிறான்.

அவன் வந்தால், அவனுக்குப் பக்கத்தில் உட்காரப்போகும் தம்பியே, ஒரு வார்த்தை சொல்லிக் கொடு!