கோட்டே: இராசதானியிலிருந்து புறநகர் வரை

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்திற் படித்த கோட்டே இராச்சியமும் புவியியற் பாடத்தில் வரும் புறநகராக்கமும் ஒரே இடத்திற் சந்திப்பதை இப்பகுதியிற் காண்போம்.

1. அமைவிடமும் தோற்றமும்

கோட்டே, கொழும்பின் தென்கிழக்கே தியவன்னா ஓயாவை அண்டி அமைந்துள்ளது. தமிழில் வழங்கும் 'கோட்டை' என்ற சொல்லோடு இப்பெயர் தொடர்புடையது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையெடுப்பைத் தடுப்பதற்காக நிஸ்ஸங்க அழகேஸ்வரன் (அழகக்கோனார்) இங்கு அரணை அமைத்தான். இவ்விடம் தெரிவு செய்யப்பட்டமைக்குக் காரணம் அதனைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலமாகும். தெற்கே தரைவழித் தொடர்பு இருந்த பகுதி அகழியாலும் மதிலாலும் காக்கப்பட்டது. எதுல்கோட்டே (உட்கோட்டை), பிட்டகோட்டே (புறக்கோட்டை) என்னும் இன்றைய ஊர்ப்பெயர்கள் இதனை நினைவூட்டுகின்றன.

2. இராசதானியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1415 அளவில் ஆறாம் பராக்கிரமபாகு கோட்டேயைத் தலைநகராக்கினான். 1467 வரை நீடித்த அவனது ஆட்சியில், சப்புமல் குமாரயா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதால் நாடு முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தது. ஸ்ரீ ராகுல தேரரின் 'செலலிஹினி சந்தேசய' அக்கால நகர வாழ்வைக் காட்டுகிறது. அந்நகரில் இருந்த சிவன் கோயில் பற்றியும் அங்கு தமிழில் பாடப்பட்ட தோத்திரங்கள் பற்றியும் அந்நூல் கூறுவதால், பல சமூகத்தவர் இங்கு கூடி வாழ்ந்தனர் என அறியலாம்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1521இல் 'விஜயபா கொள்ளை'யின் பின் இராச்சியம் மூன்றாகப் பிரிந்தது. சீதாவாக்கையின் தாக்குதல்களால் கோட்டேயையும் கொழும்பையும் ஒருங்கே காக்க இயலாத போர்த்துக்கேயர், 1565இல் தர்மபாலனைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றனர். கைவிடப்பட்ட நகரின் கற்கள் நாளடைவில் வேறு கட்டுமானங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

3. புறநகராக வளர்தல்

1822இல் சேர்ச் மிஷன் சங்கத்தினர் இங்கு கல்விப் பணியை ஆரம்பித்தனர். களனிவெளிப் புகையிரதப் பாதை நுகேகொடைச் சந்தையையும் கொழும்பையும் இணைத்தது. 1982இல் ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபின் குடியிருப்பும் வீதிகளும் விரைவாகப் பெருகின. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, கோட்டேயின் சனத்தொகை ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டதாகும். பௌத்த, இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய மக்கள் அயலவராக வாழ்கின்றனர். கோட்டே ரஜமகா விகாரையின் பெரஹெரா ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

4. இன்றைய சவால்கள்

அன்று எதிரியைத் தடுத்த சதுப்பு நிலம் இன்று வெள்ளத்தைத் தடுக்கிறது. மழைநீரைத் தேக்கி மெதுவாக வெளியேற்றுவதே அதன் தொழிற்பாடு. வீடு கட்டுவதற்காக அது நிரப்பப்படும்போது நீர் வீதிகளிலும் வீடுகளிலும் புகுகிறது. 2010 நவம்பரிற் பெய்த கடும் மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. தாழ்நிலத்திற் குடியிருக்கும் வறிய குடும்பங்களே இதனால் முதலிற் பாதிக்கப்படுகின்றன. இப்பிரதேசத்து ஈரநிலங்களின் பெறுமதி காரணமாக 2018இல் கொழும்பு, ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகராக அங்கீகரிக்கப்பட்டது. கோட்டேயின் பெத்தகான ஈரநிலப் பூங்கா பாதுகாப்புக்கு நல்ல உதாரணமாகும்.

மதிலின் எச்சங்களும் இவ்வாறே குடியிருப்புகளுக்கு நடுவே ஆங்காங்கே உள்ளன. ஈரநிலத்தை நிரப்பினால் பாதிப்பை அடுத்த மழையிற் காணலாம்; மதிலை இடித்தால் அதனை மீளப் பெறவே முடியாது.

நினைவிற் கொள்க: பாராளுமன்றம் கோட்டேயில் உள்ளது. செத்சிறிபாய, இசுருபாய ஆகியன அமைந்துள்ள பத்தரமுல்லை கடுவெல மாநகர சபைக்கு உட்பட்டதாகும். விடையெழுதும்போது இவற்றை மயங்க வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. கோட்டே அரணுக்கு ஏற்ற இடமாக அமைந்தமைக்கான இயற்கைக் காரணத்தைக் குறிப்பிடுக.
2. 1565இல் கோட்டே கைவிடப்பட்டமைக்கான காரணத்தை விளக்குக.
3. ஈரநிலங்களை நிரப்புவதால் ஏற்படும் விளைவுகளை உமது பிரதேச உதாரணம் ஒன்றுடன் ஆராய்க.