தடுக்கலாமா, கூடாதா? காட்டேரி அட்டை விளையாட்டு கற்றுத்தரும் விதிப் பாடம்

கெடாவின் தோட்டத் திடல்களில் விளையாடி வளர்ந்தவர்களுக்குக் காலா பாஞ்சாங் தெரிந்திருக்கும். தமிழகத்திலும் இலங்கையிலும் இதைப் போன்ற விளையாட்டைக் கிளித்தட்டு என்பார்கள். தரையில் கோடுகள் வேண்டும். பூப்பந்துத் திடல் கிடைத்தால் கோடு கிழிக்கும் வேலையும் மிச்சம். ஓர் அணி கோடுகளில் நின்று மறிக்கும். மற்ற அணி பிடிபடாமல் கடைசிக் கோடு வரை போய்த் திரும்பி வரவேண்டும். மறிப்பவர் தம் கோட்டைவிட்டு நகரக்கூடாது. நடுக்கோட்டில் ஓடும் உரிமை ஒருவருக்கு மட்டும்தான்.

விதி இவ்வளவுதான். ஆனால், வாய்ச்சண்டை இல்லாமல் முடிந்த ஆட்டம் எத்தனை? "தொட்டுட்டேன்!" "தொடவே இல்லை!" "உன் கால் கோட்டுக்கு வெளியே இருந்துச்சு!" கடைசியில் யார் சொல்வது நிற்கும்? பெரும்பாலும் குரல் பெரியவர் சொல்வது. இல்லையென்றால் வயதில் பெரியவர் சொல்வது. சின்னவன் பக்கம் நியாயம் இருந்தாலும் அதைக் காட்ட அவன் கையில் ஒன்றும் இல்லை.

மறிப்பதையே உயிராகக் கொண்ட இன்னொரு விளையாட்டு இருக்கிறது. மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆடும் அட்டை விளையாட்டு அது. அங்கும் "தடுத்துட்டேன்", "தடுக்க முடியாது" என்ற சண்டை வரும். ஒரே ஒரு வேறுபாடு: அங்கே விதி எழுத்தில் இருக்கிறது. அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வதுதான் நிற்கும்.

கணிதவியலாளரின் காட்டேரிகள்

விளையாட்டின் பெயர் 'வேம்பையர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகல்'. இதை வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். 1993-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டும் அவருடையதே. சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். காட்டேரி விளையாட்டு 1994-இல் வேறொரு பெயரில் வெளிவந்து, 1995-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2010-இல் அச்சு நின்றது. ஆனாலும் ஆர்வலர்கள் விடாமல் விளையாடி வந்தார்கள். 2018 முதல் பிளாக் சாண்ட்ரி என்ற நிறுவனம் மீண்டும் அட்டைகளை வெளியிடுகிறது.

காட்டேரி என்றதும் வீட்டில் முகம் சுளிக்கலாம். உண்மையில் இது பேய்க்கதையைவிட அரசியல் கதைக்கு நெருக்கமானது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் மறைந்திருந்து ஆட்டி வைக்கும் ஒரு மூத்த காட்டேரி. அவருடைய செல்வாக்கு 30 காய்களாகக் கையிருப்பில் இருக்கும். வேலை செய்வதெல்லாம் அவருடைய அடியாள்கள். உங்கள் இடப்பக்கம் இருப்பவர் உங்கள் இரை. வலப்பக்கம் இருப்பவருக்கு நீங்கள் இரை. அவர் உங்களை வேட்டையாடுபவர். இரையின் கையிருப்பு தீர்ந்தால் அவர் வெளியேறுவார். அவரை வேட்டையாடியவருக்கு 1 வெற்றிப் புள்ளியும் 6 காய்களும் கிடைக்கும்.

விளக்கத்துக்காக ஐந்து ஆட்டக்காரர்களுக்கும் நம் ஊர்ப் பெயர்களையே வைப்போம். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங், குரூண் என்று இடப்பக்கமாகச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கூலிமின் இரை லூனாஸ். கூலிமை வேட்டையாடுபவர் குரூண்.

இப்போது கூலிமின் முறை. அவருடைய காட்டேரி ஒன்று லூனாஸின் கையிருப்பைக் கறக்கப் போகிறது. லூனாஸ், "தடுக்கிறேன்" என்கிறார். சிக்கல் இங்கேதான் தொடங்கும். அதைத் தீர்க்க மூன்று கேள்விகள் போதும்: யாருக்கு உரிமை? எவ்வளவு வேண்டும்? எப்போது?

யாருக்கு உரிமை?

நடவடிக்கைகள் இரு வகை. ஒன்று, இன்னோர் ஆட்டக்காரரையோ அவருடைய அட்டையையோ குறிவைப்பது. கறப்பது இந்த வகை. இதைக் குறிவைக்கப்பட்டவரின் அடியாள்கள் மட்டுமே தடுக்கலாம். ஆகவே, லூனாஸ் கறக்கப்படும்போது பீடோங் குறுக்கே வர முடியாது. நட்பு, ஒப்பந்தம், பரிதாபம் எதுவும் செல்லாது.

மற்றொன்று, யாரையும் குறிவைக்காதது. கூலிமின் காட்டேரி தன் பசிக்கு இரத்தம் தேடிப் போகிறது, ஆயுதம் எடுக்கிறது, வாக்கெடுப்புக்கு அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கூலிமின் இருபக்கத்தாரும் தடுக்க முயலலாம். முதல் வாய்ப்பு இரையான லூனாஸுக்கு. அவர் கைவிட்டால் அடுத்த வாய்ப்பு குரூணுக்கு. எதிர்ப்பக்கம் இருக்கும் பாடாங் செராயும் பீடோங்கும் வேடிக்கை பார்க்கலாம்.

உரிமை ஆட்டக்காரருக்கு இருந்தால் மட்டும் போதாது. அடியாளும் தயாராக இருக்கவேண்டும். நடவடிக்கையில் இறங்கிய அடியாளின் அட்டை குறுக்காகத் திருப்பி வைக்கப்படும். அதைப் 'பூட்டுதல்' என்று வைத்துக்கொள்வோம். பூட்டிய அட்டை தடுக்க முடியாது. அது மீண்டும் திறப்பது அதன் உரிமையாளரின் அடுத்த முறை தொடங்கும்போதுதான். இடையில் வேட்டையாடுபவரின் முறை வந்துவிடும் அல்லவா? தன் ஆட்கள் எல்லாரையும் தாக்க அனுப்பியவரின் வீட்டில் காவலுக்கு ஆளிருக்காது. புதியவர்கள் பலர் தோற்பது இங்கேதான். பூட்டிய காட்டேரியையும் விழிக்கவைத்துத் தடுக்க உதவும் அட்டைகள் சில உண்டு. அவற்றை வைத்திருப்பவர் மட்டும் ஓரளவு துணிந்து ஆடலாம்.

எவ்வளவு வேண்டும்?

நடவடிக்கையில் இறங்குபவருக்கு 'மறைவு' என்ற அளவு உண்டு. தடுப்பவருக்கு 'இடைமறிப்பு' என்ற அளவு உண்டு. இரண்டும் இயல்பாக 0. இடைமறிப்பு மறைவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் தடுப்பு வெற்றி.

'சமமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். கறப்பதற்கு மறைவு 0. லூனாஸின் அடியாளுக்கு இடைமறிப்பு 0. இரண்டும் சமம், எனவே தடுப்பு வெற்றி. "சமமென்றால் தாக்கியவருக்குத்தான்" என்று வேறு விளையாட்டின் பழக்கத்தில் வாதாடுபவர் இங்கே தோற்பார். மாறாக, இரத்தம் தேடிப் போவதற்கும் வாக்கெடுப்புக்கும் இயல்பிலேயே 1 மறைவு உண்டு. அவற்றைத் தடுக்க வேண்டுமானால் குறைந்தது 1 இடைமறிப்பு வேண்டும்.

எப்போது?

அதிகம் சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான். மறைவையும் இடைமறிப்பையும் கூட்டும் அட்டைகள் கையில் இருக்கும். அவற்றை நினைத்தபோதெல்லாம் இறக்க முடியாது. தேவைப்படும்போது மட்டுமே இறக்கலாம்.

கூலிம் கறக்க வருகிறார். லூனாஸ் ஓர் அடியாளை முன்னே விடுகிறார். 0-க்கு 0. தடுப்பு வெல்லும் நிலை. லூனாஸ் இந்த நேரத்தில், "எதற்கும் இருக்கட்டும்" என்று இடைமறிப்பைக் கூட்ட முடியாது. தேவை அவருக்கு இல்லை. தேவை கூலிமுக்கு. அவர் 1 மறைவு தரும் அட்டையை இறக்குகிறார். 1-க்கு 0. இப்போது தேவை லூனாஸுக்கு வந்துவிட்டது. அவர் 1 இடைமறிப்பைக் கூட்டுகிறார். 1-க்கு 1, மீண்டும் தடுப்பு வெல்லும் நிலை. கூலிம் இன்னும் கூட்ட விரும்பினால் வேறோர் அட்டை வேண்டும். ஒரே நடவடிக்கையில் ஒரே அடியாள் அதே அட்டையை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது.

யாருமே தடுக்க முன்வராதபோது கூலிம் முன்கூட்டியே மறைவை ஏற்றிக்கொள்ளலாமா? கூடாது. தடுப்பவரே இல்லாதபோது எதிலிருந்து மறைவது?

ஒரு முயற்சி தோற்றால் லூனாஸ் மறுபடி முயலலாம். ஆனால், "இனித் தடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் அதுவே முடிவு. பின்னர் மனம் மாறக்கூடாது. அதனால் இந்த ஆட்டத்தில் 'சரி, போ' என்ற சொல்லுக்கு விலை அதிகம்.

இங்கே ஒரு நுட்பம். 'டிஃப்ளெக்‌ஷன்' என்ற அட்டை, கறக்கும் நடவடிக்கையை இன்னொருவர் மேல் திருப்பிவிடும். தடுப்பைக் கைவிட்ட பிறகுதான் அதை இறக்க முடியும். லூனாஸ் அதை இறக்கிப் பாடாங் செராய் பக்கம் திருப்பிவிட்டார் என்றால், பாடாங் செராய் தடுக்கலாமா? தடுக்கலாம். இப்போது குறி அவர்மேல். முதல் கேள்வியின் விடை மாறியதால் உரிமையும் இடம் மாறுகிறது. லூனாஸ் கைவிட்டது லூனாஸை மட்டுமே கட்டுப்படுத்தும்.

தடுத்த பிறகு என்ன?

தடுப்பு வென்றால் நடவடிக்கை தோற்றது. தடுத்த அடியாள் பூட்டப்படுவார். இருவருக்கும் சண்டை நடக்கும். "சண்டையில் என் காட்டேரி ஜெயித்தால் கறக்கலாம்தானே?" என்ற கேள்வி தவறாமல் வரும். முடியாது. நடவடிக்கை சண்டைக்கு முன்பே தோற்றுவிட்டது. ஆனால் அடிபட்ட காவலாள் அடுத்த தாக்குதலைத் தடுக்கும் நிலையில் இல்லாமல் போகலாம். தடுப்பது இலவசமன்று, எதைத் தடுப்பது, எதை விடுவது என்று கணக்குப் பார்ப்பதே ஆட்டம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பொன்விதி உண்டு: அட்டையில் எழுதியிருப்பது விதிப்புத்தகத்தோடு முரண்பட்டால், அட்டை சொல்வதே செல்லும். தடுத்த பிறகும் சண்டையிலிருந்து நழுவி நடவடிக்கையைத் தொடர வழிசெய்யும் அட்டைகள்கூட உண்டு. அதனால், விதியை மனப்பாடம் செய்தவரும் அட்டையைப் படித்தே ஆகவேண்டும்.

லாம், வேண்டும், மட்டும்

ஒரு தவறான தடுப்பு என்ன செய்யும் என்று பாருங்கள். லூனாஸிடம் மீதி 2 காய்கள். கூலிம் 2 கறக்க வருகிறார். தடுப்பு செல்லாது என்றால் லூனாஸ் வெளியேறுவார். கூலிமுக்குப் புள்ளியும் 6 காய்களும் கிடைக்கும். பாடாங் செராய்க்குப் புதிய வேட்டைக்காரர் வந்துவிடுவார். செல்லும் என்றால் எதுவும் மாறாது. போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமான நேரம் 2 மணி. ஒரே ஒரு சொல்லைப் பிழையாகப் படித்ததால் அந்த 2 மணி நேர உழைப்பும் வீணாகலாம். போட்டியில் நடுவர் இருப்பார். வீட்டு மேசையில் புத்தகம்தான் நடுவர்.

நண்பர்களோடு விளையாடும்போது ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். மேசையில் வயதில் இளையவர் விதியைச் சத்தமாகப் படிக்கட்டும். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தடுப்பு பற்றிய பக்கத்தை நீங்களே தமிழில் எழுதிப் பாருங்கள். 'தடுக்கலாம்' என்பதா, 'தடுக்க வேண்டும்' என்பதா? 'குறிவைக்கப்பட்டவர்' என்பதா, 'குறிவைக்கப்பட்டவர் மட்டும்' என்பதா? மொழிபெயர்க்கும்போதுதான் எந்தச் சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போனோம் என்பது தெரியும்.

இந்தப் பழக்கம் மேசையோடு நிற்பதில்லை. எஸ்.பி.எம். தாளில் 'இரண்டு காரணங்கள் மட்டும்' என்றிருக்க நான்கு எழுதி நேரத்தைத் தொலைப்பவர் 'எவ்வளவு' என்று கேட்க மறந்தவர். பல்கலைக்கழகம் போகும்போது பி.டி.பி.டி.என். கடன் ஒப்பந்தம் கைக்கு வரும். விடுமுறையில் சுங்கைப்பட்டாணியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தால் நியமனக் கடிதம் வரும். யாருக்கு உரிமை, எவ்வளவு, எப்போது என்று அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர், "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள். மரியாதை நல்லது. ஆனால், "அண்ணே, இந்த வரியைப் பாருங்க" என்று பணிவாகக் காட்டுவதும் மரியாதைதான். அண்ணன் படித்துப் பார்த்து, "ஆமாண்டா, தடுக்க முடியாது" என்று தன் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்த மேசையில் எல்லாரும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறார்கள்.