இஞ்ச் டேப்புடன் ஒரு கடற்கரைப் பயணம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்தின் அகலம் 4 அடி 2 அங்குலம். அக்காவின் சக்கர நாற்காலியின் அகலம் 25 அங்குலம். எதிரே ஒருவர் இடுப்பில் குடத்துடன் வந்துவிட்டால் இருவரில் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். இந்த அளவுகளை நான் எடுக்கவில்லை, அக்கா எடுத்தவை. நாற்பது ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுப்பவர் அவர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் அவரைக் கண்டவர்கள் எங்கள் பகுதியில் மிகக் குறைவு.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. ஐம்பது வயதுவரை ஊன்றுகோல்களில் நடந்தார். தோள்கள் தேய்ந்த பிறகு சக்கர நாற்காலி. சென்ற ஜனவரியில் அவருக்கு அறுபது நிறைந்தது. அதே மாதம் அவருடைய தொடர் வைப்பும் முதிர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்து அறிவித்தார்: “கோவாவுக்குப் போறோம். கடலைப் பார்த்து உட்கார்ந்து மீன் சாப்பிடணும். மேசையில, எல்லாரோடயும். சாப்பாட்டுச் செலவு முழுக்க என்னோடது.”

‘மேசையில’ என்ற சொல்லை அவர் ஏன் அழுத்திச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். தெருமுனைத் தேநீர்க் கடையில் அவருக்குக் கண்ணாடிக் குவளை எப்போதும் வெளியே வரும். மாட்டுங்காவின் பழைய உடுப்பி உணவகங்களுக்குப் போகும்போது நாங்கள் உள்ளே முன்பின் அறியாதவர்களுடன் மேசையைப் பகிர்ந்துகொண்டு உண்போம்; அவருக்கு இட்லி பொட்டலமாக வரும். கொடுப்பவர்கள் அன்பாகவே கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதருக்கு ஐம்பது ஆண்டுகளாக வாசலிலேயே பரிமாறினால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

உணவகங்களின் மீது மட்டும் குற்றம் சுமத்துவதும் முறையாகாது. மும்பையில் கடைகளின் வாசலில் இரண்டு மூன்று படிகள் இருப்பதற்கு மழையும் ஒரு காரணம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் ஓடும் நீர் அடுப்பை எட்டக்கூடாது என்றால் தளத்தை உயர்த்தித்தான் கட்ட வேண்டும். உயர்த்தினால் படி வரும். படிக்குப் பதில் சாய்தளம் அமைக்கலாமே என்று கேட்பது எளிது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட சரிவு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். தையற்காரரான அக்காவுக்கு இந்த விகிதம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆறு அங்குலப் படிகள் மூன்று என்றால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். எங்கள் பகுதியில் பதினெட்டு அடி நீளமுள்ள கடையே அதிகமில்லை. ஆனால் ஒற்றைப் படி மட்டும் உள்ள கடைக்கு ஆறடிப் பலகை போதும். தேவைப்படும்போது போட்டு, பிறகு எடுத்துச் சுவரோரம் சாத்திவிடலாம். அவ்வாறு செய்யும் கடைகளை விரல்விட்டு எண்ணலாம்.

பயணத்துக்கு முன் தொலைபேசி விசாரணையை நான் ஏற்றேன். “சக்கர நாற்காலிக்கு வசதி உண்டா?” என்று கேட்டேன். ஐந்து உணவகங்களைக் கேட்டேன். ஐந்தும் “உண்டு” என்றன. அக்கா நம்பவில்லை. “வசதியைக் கேக்காத. படி எத்தனைன்னு கேளு” என்றார். மறுபடி கேட்டபோது ஒன்றில் நான்கு படிகள், ஒன்றில் மாடி, ஒன்றில் மணலில் முப்பது அடி. “பையன்கள் தூக்கிவிடுவார்கள்” என்பதே அவர்கள் சொன்ன வசதி. சக்கர நாற்காலியுடன் வெளியூர் போகும் குடும்பங்கள் இந்தக் கேள்வி மாற்றத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. வாசலில் எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம், மேசைக்கு நான்கு கால்களா அல்லது நடுவில் ஒரே தூணா, கழிவறைக் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

தாதரில் ரயிலேறி மட்காவில் இறங்கினோம். குழந்தைகள் உட்பட ஒன்பது பேர். அங்கிருந்து கொல்வா கடற்கரை ஆறேழு கிலோமீட்டர்தான். முதல் நாள் மதியம், தொலைபேசியில் ‘ஒரே ஒரு சின்னப் படி’ என்று சொல்லப்பட்ட இடத்துக்குப் போனோம். மூன்று படிகள் இருந்தன. நான்கு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, கைப்பிடி தனியே கழன்று வந்தது. பெரும்பாலான நாற்காலிகளில் கைப்பிடியும் கால்பலகையும் கழற்றக்கூடியவை. தூக்குவதானால் இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் அமர்ந்திருப்பவரைக் கேட்ட பிறகு. அக்கா கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். “நான் என்ன அரிசி மூட்டையா?” என்று தமிழில் கேட்டது அவர்களுக்குப் புரிந்திருக்காது, குரல் புரிந்திருக்கும். அன்று மதியம் விடுதி அறையில் ரொட்டியும் வாழைப்பழமும் உண்டோம்.

இரவு சென்ற இடத்தில் வாசல் சமதளம். உள்ளே போனதும் வேறு சிக்கல். இருக்கைகள் எல்லாம் தரையோடு பிணைத்த சோபாக்கள். நாற்காலியை நடைபாதையில் நிறுத்தினால் பரிமாறுபவர்களுக்கு வழியில்லை. மேசையின் நடுத்தூணின் அகன்ற அடிப்பாகம் கால்பலகையை உள்ளே விடவில்லை. அக்கா பக்கவாட்டில் அமர்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உண்டார். ஊழியர் என்னிடம் இந்தியில் கேட்டார்: “யே க்யா காயேங்கி?” அக்கா பதில் சொன்ன பிறகும் அடுத்த கேள்வி மறுபடி என்னிடமே வந்தது. பில்லும் என் முன்னால்தான் வைக்கப்பட்டது. “இதர்” என்று ஒரே சொல் சொல்லி, கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பணம் கொடுப்பவர் அவர்தான் என்று தெரிந்ததும் அந்த ஊழியரின் முகம் மாறியதை எங்கள் குழந்தைகள் ரயிலில் திரும்பும்வரை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அன்று முழுவதும் குடித்த தண்ணீர் எவ்வளவு என்பதை என் மனைவிதான் கவனித்திருக்கிறாள். காலையில் அரைக் குவளை. அதன் பிறகு ஒன்றுமில்லை. வெளியே கிளம்பும் நாள்களில் அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அத்தனை ஆண்டுகள் உடனிருந்தும் எனக்குத் தெரியாது. கழிவறைக் கதவு 22 அங்குலம், நாற்காலி 25 அங்குலம் என்றால் வேறென்ன செய்வது? ஜனவரியானாலும் கடற்கரை வெயில் நன்றாகவே அடித்தது. உணவக வசதி என்றால் வாசல் சாய்தளம் என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அந்த அரைக் குவளைத் தண்ணீர் பெரிய பாடமாயிற்று.

சட்டம் இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றின்படி சேவை வழங்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆனால் அந்த விதிகள் கட்டாயத்தைவிட அறிவுரையின் சாயலிலேயே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்குறையைச் சுட்டி, கட்டாயமான தர அளவுகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. வங்கிகளும் இக்கடமையிலிருந்து விலகியவை அல்ல. ஏ.டி.எம்.களுக்குச் சாய்தளம் வேண்டும், இயந்திரத்தின் உயரம் சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடையாகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே அறிவுறுத்தியது. இதைப் படிப்பவர்கள் அடுத்த முறை பணம் எடுக்கும்போது படியைச் சற்று குனிந்து பார்க்கலாம்.

மூன்றாம் நாள் மதியம் கிடைத்தது நாங்கள் தேடிய இடம். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், சாலையோடு சமமான சிமெண்ட் தளமுள்ள ஒரு சிறு குடும்ப உணவகம். பலகை எதுவும் இல்லை. சக்கர நாற்காலிச் சின்னமும் இல்லை. நாற்கால் மேசைகள், எடுத்து நகர்த்தக்கூடிய நாற்காலிகள். உரிமையாளரான அம்மையார் அக்காவை நேராகப் பார்த்து, “எங்கே உட்கார விருப்பம்?” என்று கேட்டார். அக்கா கடல் பக்கம் காட்டினார். அங்கிருந்த நாற்காலி ஒன்று எடுக்கப்பட்டது, அவ்வளவுதான் ஏற்பாடு. அக்கா வழக்கப்படி டேப்பை எடுத்தார். மேசையின் அடி உயரம் 28 அங்குலம். முழங்கால்கள் தாராளமாக உள்ளே போயின. கழிவறைக் கதவு 32 அங்குலம். தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் கேட்கும் 900 மில்லிமீட்டர் ஏறத்தாழ 35 அங்குலம். அதற்கு மூன்று குறைவுதான் என்றாலும் அக்காவின் 25-க்கு அது ராஜபாட்டை. உள்ளே நாற்காலி முழு வட்டம் திரும்ப ஐந்தடி வேண்டும், அது இல்லை. நேராகப் போய், பின்னோக்கி வந்தார்.

மீன் குழம்பு, சோறு, ரவை தடவிப் பொரித்த மீன், கோகம் புளியில் செய்த சோல்கடி. நெல்லைக் குழம்பு உண்டு வளர்ந்த நாக்கு என்பதால், தேங்காய் சற்று அதிகம் என்று அக்கா குறை சொன்னார். குறை சொன்னபடியே இரண்டாம் முறை சோறு வாங்கினார். சோல்கடி முடிந்ததும் இன்னொரு குவளை கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

கடைசி மாலை, மணலில் போடப்பட்டிருந்த கூரைக் கடை ஒன்றில் தேநீர் குடிக்க ஆசைப்பட்டார். கோவாவின் இந்தக் கடைகள் மழைக்காலத்துக்கு முன் பிரித்தெடுக்கப்படுபவை. கடலோர ஒழுங்குமுறை விதிகளும் அலை எட்டும் மணலில் சிமெண்ட் பாதை போட இடந்தருவதில்லை. சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் மணலைக் கண்டதும் புதைந்துவிடும். ஆளை வைத்து இழுப்பதானால் பின்னோக்கித்தான் இழுக்க வேண்டும். கடைக்காரர் சற்று யோசித்து, பின்னாலிருந்து இரண்டு ஒட்டுப்பலகைகளைக் கொண்டுவந்தார். எட்டடிக்கு நான்கடி. ஒன்றின்மேல் நாற்காலி, முன்னால் அடுத்தது, ஏறியதும் பின்னதை எடுத்து முன்னே போடுவது. இப்படி ஆறு முறை. கடலலைக்குச் சுமார் இருபது அடி முன்னால் நின்றோம். தேநீர் ஆறிப்போயிருந்தது.

இதையே நிலையாகச் செய்துகாட்டிய ஊர் சென்னை. மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்ட மரப்பாதை 263 மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்டது, 1.14 கோடி ரூபாய் செலவு. திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட, பிறகு சீரமைத்தார்கள். அக்கா தம் தையல் கணக்கேட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்: ஊர், உணவகம், படி, கதவு, மேசை, கழிவறை. நீரிழிவால் காலை இழந்த அடுத்த சந்துப் பெரியவர் அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத் தந்தார். மெரினாவுக்கான வரிசையில் பாதையின் நீளமும் அகலமும் நிரம்பியிருக்கின்றன. பாதையிலிருந்து மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு மணல் எத்தனை அடி என்ற கட்டம் மட்டும் காலியாக உள்ளது. சென்னையிலிருக்கும் சித்தப்பா மகனை அளந்து சொல்லச் சொன்னார். அவனிடம் இஞ்ச் டேப் இல்லையாம். வாங்கச் சொல்லியிருக்கிறார்.