செம்பனைக் கழிவில் நீரகம்

செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டையை அணுகினோர் அதன் நாற்றத்தை எளிதில் மறவார். அக்குட்டையிலிருந்தே புகையற்ற எரிபொருளொன்றைப் பெறலாம் என்கின்றனர் அறிவியலார். அஃது எவ்வாறு?

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரராகிய ஹென்றி போக்கோனியே செம்பனையை வாணிப நோக்குடன் இந்நாட்டில் முதன்முதல் நடலானார். (தோட்டத்தின் பெயரில் தமிழ் ஒலிக்கிறது, மரமோ ஆப்பிரிக்க மரம்!) நாளடைவில் கிள்ளான், காப்பார்ப் பக்கங்களிலும் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிற்று. 100 டன் குலையை ஆலையிலிட்டால் எண்ணெய் ஏறத்தாழ 20 டன். பழம் உதிர்ந்த வெறுங்குலை 22 டன். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய 3 டன் கழிவுநீரும் வெளிப்படும்.

சுடச்சுட வெளிவரும் அப்பழுப்பு நீர் ஒரு காலத்தில் ஆறுகளைக் கெடுத்தது. 1977-ஆம் ஆண்டு விதிகள் வந்தபின், குட்டைகளில் தேக்கித் தூய்மை செய்தே விடவேண்டுமென்றாயிற்று. ஆயினும் அங்குக் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவைப் பிறப்பிக்கின்றன. அது வானை வெப்பமூட்டுவதில் கரியமிலவாயுவினும் பன்மடங்கு கொடியது.

அவ்வுயிர்களின் வேலை ஒரே படியில் முடிவதன்று. ஒரு கூட்டம் சர்க்கரைப் பொருள்களைச் சிதைத்து, அமிலங்களையும் ஹைட்ரஜன் எனப்படும் நீரகத்தையும் தரும். மற்றொரு கூட்டம் அந்நீரகத்தை உண்டு மீதேனாக்கும். ஆதலின் நீரகம் வேண்டுவோர் இரண்டாங் கூட்டத்தை விலக்கல் வேண்டும். குட்டைச் சேற்றைச் சூடாக்கினால் அவை மடியும். கிளாஸ்ட்ரிடியம் முதலியன கடினமான வித்துகளாய் ஒடுங்கிப் பிழைக்கும். பின்னர்க் காற்றுப் புகாத கலத்தில், சற்றுப் புளிப்பான நிலையில் அச்சேற்றுக்குக் கழிவுநீரை ஊட்டினால் நீரகம் குமிழியிடும். தோசை மாவு பொங்குவதை அறிந்தோர்க்கு இது முற்றும் புதிதன்று. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் இவ்வழியை ஆராய்ந்துள்ளனர்.

ஓர் இடர் உண்டு. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று நீருடன் சேர்ந்து முற்றச் சிதைந்தால் 12 நீரக மூலக்கூறுகள் கிட்டும்; இந்நுண்ணுயிர்கள் தருவதோ மிகுந்தால் 4. எஞ்சியது அசெட்டிக், பியூட்டிரிக் அமிலங்களிற் சிறைப்பட்டுக் கிடக்கிறது. முதற்கலத்தில் நீரகமும், வழியும் அமிலநீரை இரண்டாங் கலத்திலிட்டு மீதேனும் பெறுவதே அறிவுடைமை.

வெறுங்குலையை நீராவியுடன் ஏறக்குறைய 800 பாகை வெப்பத்தில் வாயுவாக்கியும் நீரகம் பெறலாம். ஆனால் அக்குலையை மரத்தடியிற் பரப்பினால் பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்பும். அதை எரித்துவிட்டு உரத்தை விலைக்கு வாங்குவது என்ன கணக்கோ! கழிவுநீரிலோ நொதித்த பின்னும் உரச்சத்து அதிலேயே தங்கும்.

ஒரு கிலோ நீரகம் ஏறத்தாழ மூன்று கிலோ பெட்ரோலின் ஆற்றல் உடையது. அழுத்தாவிடின் 11 கன மீட்டர் இடத்தை அடைக்கும். ஆலைக்கு வேண்டிய நீராவியை நாரையும் ஓட்டையும் எரித்தே பெறுகின்றனர். ஆகவே நீரகத்தை அழுத்தி வெளியே கொண்டு சென்று விற்றாக வேண்டும். 2023-ஆம் ஆண்டு மலேசிய அரசு நீரகத்திற்கெனத் திட்டமொன்றை வெளியிட்டது. ஆயினும் உலகின் நீரகத்திற் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் மலிவாகச் செய்யப்படுகிறது. குட்டை நீரகம் அவ்விலையோடுதான் மோதவேண்டியிருக்கிறது.