நீருக்கு அஞ்சும் குழந்தை: அதட்டல் தீர்வாகாது

கூழானாலும் குளித்துவிட்டே குடிக்க வேண்டும் எனக் கருதுவது தமிழ்ச் சமுதாயம். தூய்மையை இறைநம்பிக்கையோடு இணைத்தே நோக்குவது முஸ்லிம் சமுதாயம். ஆதலால், குளிக்க மறுத்துக் குழந்தை கதறும்போது அதனைப் பிடிவாதமென எண்ணிப் பெற்றோர் பொறுமையிழப்பது இவ்விரு சமூகத்தாரின் இல்லங்களிலும் காணக்கூடிய ஒன்றே. எனினும், அக்கதறல் பெரும்பாலும் அச்சத்தின் வெளிப்பாடாகும். இதனை உணராதவரை எந்த அதட்டலும் பயன் தரப்போவதில்லை.

மலையகத்தில் இப்பிரச்சினைக்குத் தனியான ஒரு பரிமாணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் அமைந்துள்ள பொகவந்தலாவைத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்குச் செல்லும் தாய், மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பின்னரே வீடு திரும்புகின்றாள். அதன் பின்னர் விறகடுப்பை மூட்டி நீரைச் சுட வைப்பதற்குள் பனி இறங்கிவிடுகின்றது. விறகும் நேரமும் இல்லாத நாளில் பீலித் தண்ணீரே கதியாகின்றது. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலை விட விரைவாக வெப்பத்தை இழக்கும். குளிரில் நடுங்கிய அந்த அனுபவத்தை அடுத்த நாள் வாளியைக் கண்டதும் குழந்தை நினைவுகூருமாயின் அதில் வியப்பில்லை.

குளிர் மட்டுமே காரணமன்று. கண்ணில் பட்ட சவர்க்காரம், அளவுக்கு மீறிய சூடு, வழுக்கி விழுந்தமை, மூச்சு முட்டும்படி தலையில் நீரைக் கொட்டியமை ஆகியவற்றில் ஒன்றே போதும். நேற்றுவரை நீரில் விளையாடிய குழந்தை இன்று திடீரென அஞ்சுவதும் ஒன்று முதல் மூன்று வயது வரையான பருவத்தில் இயல்பானதே.

அச்சத்தை எவ்வாறு போக்குவது? 1924ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும் வேளைகளில், கூண்டிலிருந்த முயல் சிறிது சிறிதாக அவனருகே கொண்டுவரப்பட்டது. இறுதியில் அவன் அதனைத் தடவிக் கொடுக்கும் நிலையை அடைந்தான். அச்சம் தரும் பொருளை இன்பமான சூழலில் படிப்படியாக நெருங்கச் செய்வது என்ற அந்த வழி நீருக்கும் பொருந்தும்.

முதல் சில நாட்கள் முழுக்காட்டுவதை நிறுத்தி, இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்தாலே போதும். குளிர்ப் பிரதேசத்தில் சிறு குழந்தையைத் தினமும் குளிப்பாட்ட வேண்டிய கட்டாயமில்லை. முகம், கை, கால், மறைவிடம் ஆகியன தூய்மையாக இருந்தால் சரி. பின்னர், உடை களையாமலே ஒரு பேசினில் நீரும் கோப்பையும் வைத்துப் பொம்மையைக் குளிப்பாட்ட விடலாம். அடுத்துக் காலை மட்டும் நனைக்கலாம். பின்பு முழங்கால், இடுப்பு எனச் செல்லலாம். குழந்தை அழுதால் முந்திய படிக்குத் திரும்புவதில் தோல்வி ஏதுமில்லை. தலையை இறுதியாகவே கழுவ வேண்டும். நெற்றியில் துவாயை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, “இப்போது ஊற்றப் போகிறேன்” என்று சொல்லிய பின் ஊற்றினால் அதிர்ச்சி குறையும்.

இரு எச்சரிக்கைகள் அவசியமாகும். பாத்திரத்தில் முதலில் குளிர்ந்த நீரையும் அதன் பின்னரே சுடுநீரையும் ஊற்றி, முழங்கையால் சூட்டைப் பார்த்த பிறகே குழந்தையை இறக்க வேண்டும். ஓரிரு அங்குல நீரும் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே ஒரு கணமேனும் குழந்தையைத் தனியே விடலாகாது. காதுவலி, சொறி, தோல் வெடிப்பு போன்றவற்றால் நீர் பட்டதும் வேதனை ஏற்படுகின்றதா என்பதையும் கவனிக்க வேண்டும். சில வாரங்கள் கடந்தும் அச்சம் நீங்காவிடின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ ஆலோசனை பெறுவதே நன்று.

இவை அனைத்தையும் தாயின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. நாள் முழுவதும் மலையேறி இறங்கிய ஒருத்தியிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. அவளுக்கு நேரத்தை உருவாக்கிக் கொடுப்பதே கடினம். விறகையும் நீரையும் தயார் செய்வதிலும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதிலும் தந்தையர் பங்கேற்க வேண்டும். ஓய்வு நாளின் நண்பகல் வெயிலைக் குளியலுக்கென ஒதுக்கலாம். தோட்டச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நண்பகலில் வெந்நீர் கிடைக்கவும், ஒவ்வொரு குடியிருப்பிலும் காற்றுப் புகாத குளியலறை அமையவும் தோட்ட நிர்வாகங்களும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் ஆவன செய்ய வேண்டுமென வலியுறுத்துகிறோம்.

அடிக்குப் பயந்து அழுகையை அடக்கிய குழந்தை, நீருடன் சேர்த்துத் தன்னைக் குளிப்பாட்டும் கைகளுக்கும் அஞ்சக் கற்றுக்கொள்கின்றது. சில நாள் குளியல் தவறுவதால் நேரும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்துவிடலாம். இழந்த நம்பிக்கையை அவ்வளவு எளிதில் ஈடுசெய்ய முடியாது.